*கஸ்திஃஜ்: ஒரு தொல் ஜெர்மானியப் பெயர்ச்சொல்லின் பிறப்பும் வேற்றுமை வடிவங்களும் – முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் கெஸ்ட், ஜெர்மனில் கஸ்ட், ஸ்வீடிஷில் யெஸ்ட், ஐஸ்லாண்டிக்கில் கெஸ்தூர். நான்கும் விருந்தினரைக் குறிப்பவை, நான்கும் ஒரே தாய்ச்சொல்லின் வழி வந்தவை. அந்தத் தாய்ச்சொல்லை மொழியியலாளர்கள் *கஸ்திஃஜ் என்று எழுதுகிறார்கள். முன்னால் உள்ள உடுக்குறி, இது எழுத்தில் கிடைத்த சொல் அல்ல, மகள் மொழிகளை ஒப்பிட்டு மீட்டுருவாக்கிய சொல் என்பதற்கான அடையாளம். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழியியலாளர் ஆகஸ்ட் ஷ்லைஷர் இந்தக் குறியை ஒழுங்காகக் கையாண்ட பிறகு அது துறை முழுவதும் பரவியது.

இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான தொல் ஜெர்மானியம் ஏறத்தாழ பொ.ஆ.மு. 500ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில் தென் ஸ்காண்டிநேவியாவிலும் இன்றைய வட ஜெர்மனியிலும் பேசப்பட்டது. அதை எழுதி வைத்தவர் எவரும் இல்லை. ஆனாலும் இணைய அகராதிகளில் இந்தச் சொல்லைத் தேடினால் ஆறு வேற்றுமை, இரண்டு எண் எனப் பன்னிரண்டு கட்டங்களும் நிரம்பிய அட்டவணை கிடைக்கும். பலர் அதை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு கட்டங்களும் ஒரே உறுதியில் நிற்பவை அல்ல. சில கட்டங்களுக்குப் பொன்னில் பொறித்த சாட்சி இருக்கிறது. சிலவற்றுக்கு மூன்று மொழிகள் ஒத்துச் சாட்சி சொல்கின்றன. சில கட்டங்களை ஆய்வாளர்கள் ஊகித்து நிரப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஈற்றுக்கும் சாட்சி கேட்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம்.

தொடங்கும் முன்: எழுதும் முறை

தமிழ் எழுத்தில் இந்த வடிவங்களை எழுதச் சில உடன்பாடுகள் தேவை. சொல்லின் முதலில் வரும் க-வை 'கங்கை' என்பதன் முதல் எழுத்தைப் போல ஒலிப்புடன், அதாவது குரல்நாண் அதிர, படியுங்கள். ஃஜ் என்பது ஸ்-இன் ஒலிப்புடைய இணை. 'ஃப' எழுதுவது போன்ற ஏற்பாடுதான். உயிருக்குப் பின் ~ இட்டால் அந்த உயிர் மூக்கு வழியாகவும் ஒலிக்கும். ஸ்-க்குப் பின் வரும் த் எப்போதும் ஒலிப்பற்றது.

எ, ஏ, ஒ, ஓ வேறுபாட்டைத் தமிழ் எழுத்து தானாகவே காட்டிவிடுகிறது. ஐரோப்பிய நூல்கள் இதற்கெல்லாம் எழுத்தின் மேல் கோடு போட வேண்டியிருக்கிறது. இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. தொல் ஜெர்மானியத்தின் இறுதி அசைகளில் குறில், நெடில் தவிர மூன்றாவது அளவும் இருந்தது என்று பெரும்பாலோர் ஏற்கின்றனர். மூன்று மாத்திரை. அது நம் உயிரளபெடையின் அளவு. 'ஓஒதல்' என்று எழுதுவது போலவே 'ஓஒ' என்று எழுதிவிடலாம்.

படி 1: சாட்சிகளைத் திரட்டுதல்

மீட்டுருவாக்கத்துக்கு முதலில் வேண்டியது பழைய வடிவங்கள். இன்றைய கெஸ்ட், கஸ்ட் போன்றவற்றில் ஈறுகள் தேய்ந்துபோய்விட்டன, அவற்றால் அதிகப் பயனில்லை.

மறைந்துபோன ஜெர்மானிய மொழியான கோதிக்கில் கஸ்த்ஸ். 4ஆம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலா செய்த விவிலிய மொழிபெயர்ப்பே இதற்கு ஆதாரம். நம் கைக்கு வந்திருப்பவை பெரும்பாலும் 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுதப்பட்ட படிகள். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் 'அந்நியனாய் இருந்தேன்' என்ற இடத்தில் இந்தச் சொல் வருகிறது. அங்கே அதற்கு அழைக்கப்பட்டு வந்த விருந்தினர் என்ற பொருள் இல்லை, ஊர் பேர் தெரியாத புதியவர் என்ற பொருள்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், சொல்லின் பிறப்பைத் தேடும்போது தேவைப்படும்.

பழைய உயர் ஜெர்மனில் ஒருமை கஸ்த், பன்மை கெஸ்தி. ஸ்காண்டிநேவிய மொழிகளின் பழைய வடிவமான பழைய நார்ஸில் கெஸ்த்ர், கெஸ்திர். பழைய ஆங்கிலத்தின் மேற்கு சாக்ஸன் வழக்கில் யியெஸ்த்.

இவற்றோடு நிறுத்திக்கொண்டால் ஒருமை ஈறு *-இஃஜ் என்று துணிய முடியாது. கோதிக்கில் எஞ்சியிருப்பது ஸ் மட்டும், நார்ஸில் ர் மட்டும், ஜெர்மனில் ஒன்றுமே இல்லை. அந்த இகரம் எங்கே இருந்தது என்பதற்கு ஒரு பொற்கொம்பு சாட்சி சொல்கிறது.

டென்மார்க்கின் தென் யூட்லாந்தில் கல்லெஹுஸ் என்ற சிற்றூருக்கு அருகில் 1639இல் ஒரு பொற்கொம்பும், 1734இல் அதே பகுதியில் இரண்டாவது பொற்கொம்பும் கிடைத்தன. இரண்டாவதில், ஏறத்தாழ பொ.ஆ. 400ஐச் சேர்ந்த ரூன் எழுத்துகளில் (ஜெர்மானியரின் பழைய எழுத்துமுறை) ஒரு வரி இருந்தது: 'எக் ஹ்லெவகஸ்திஃஜ் ஹொல்தியஃஜ் ஹொர்ன தவிதோ'. 'ஹொல்த் வழியினனான ஹ்லெவகஸ்தி நான் இக்கொம்பைச் செய்தேன்' என்பது பொருள். ஹ்லெவ என்ற முதற்பகுதிக்குப் புகலிடம் என்றும் புகழ் என்றும் இரு விளக்கங்கள் உண்டு. இரண்டாம் பகுதியைப் பற்றி ஐயமே இல்லை. நாம் தேடும் சொல், எழுவாய் வேற்றுமையில், இகரமும் ஃஜ்-ம் சிதையாமல், செய்தவரின் பெயருக்குள் இருக்கிறது.

1802இல் நீல்ஸ் ஹைடன்ரைக் என்ற பொற்கொல்லர் கோபன்ஹேகனின் அரச சேகரிப்பிலிருந்து இரு கொம்புகளையும் திருடி உருக்கிவிட்டார். அதற்கு முன்பே வரைந்து வைக்கப்பட்ட படங்களால்தான் அந்த வரி தப்பியது. ஜெர்மானிய மொழியியலில் இவ்வளவு பெரிய எடையைத் தாங்கும் சாட்சி சில தாள்களின் தயவில் வாழ்கிறது என்பது எனக்கு இன்றும் நெஞ்சை உலுக்கும் செய்தி.

கொம்பு தனிச்சாட்சியும் அல்ல. ஸ்வீடனில் பெர்கா என்ற ஊரின் ரூன் கல்லில் 'ஸலிகஸ்திஃஜ்' என்ற பெயர் இருக்கிறது. ஃபிராங்குகளின் சாலிக் சட்டத்துக்கு எழுதிய முன்னுரையில், சட்டத்தை வகுத்ததாகச் சொல்லப்படும் நால்வரில் ஒருவர் பெயர் ஸலெகஸ்த். கடலுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே பெயர், ஒன்றில் ஈறு முழுமையாக, மற்றதில் தேய்ந்து.

ஃபின்னிஷ் மொழியையும் மறக்க வேண்டாம். அது ஜெர்மானிய மொழியே அல்ல. ஆனால் பழங்காலத்தில் அண்டை வீட்டாரிடமிருந்து வாங்கிய சொற்களை அதிகம் மாற்றாமல் வைத்திருக்கிறது. 'அழகிய' என்ற பொருளுடைய கௌனிஸ், *ஸ்கௌனிஃஜ் என்பதன் கடன். ஜெர்மன் மொழி உதிர்த்துவிட்ட -இஃஜ் ஈறு அங்கே -இஸ் என்று இன்றும் ஒலிக்கிறது.

படி 2: ஜெர்மானியத்துக்கு வெளியே பார்த்தல்

லத்தீன் ஹொஸ்திஸ் (பகைவர்), பழைய சர்ச் ஸ்லாவோனிய கொஸ்தி (விருந்தினர்) ஆகிய இரண்டையும் *கஸ்திஃஜ் பக்கத்தில் வையுங்கள். ஒலிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும்.

முதல் மெய்யில் லத்தீன் ஹ், ஸ்லாவோனியம் க், ஜெர்மானியம் க். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வரக்கூடிய மூல ஒலி, ஒலிப்பும் மூச்சும் சேர்ந்த க். சமஸ்கிருத 'மேக' என்பதில் உள்ள நான்காம் ககரம். இத்தகைய மூச்சொலிகள் ஜெர்மானியத்தில் மூச்சை இழந்தன. இதற்கு மிக நெருங்கிய இன்னொரு மூச்சொலியும் ஜெர்மானியத்தில் இதே முடிவுக்குத்தான் வந்தது, அதற்கு நமக்குத் தெரிந்த சான்றே இருக்கிறது: சமஸ்கிருத ஹம்ஸ, ஜெர்மன் கன்ஸ்.

உயிரில் லத்தீனிலும் ஸ்லாவோனியத்திலும் ஒ, ஜெர்மானியத்தில் அ. குறில் ஒகரம் ஜெர்மானியத்தில் எங்கும் அகரமானது. 'இரவு' லத்தீனில் நொக்த்-, கோதிக்கில் நஹ்த்ஸ்.

அடுத்து ஸ்த். ஜெர்மன் அறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் விரிவாக வகுத்துக் காட்டிய விதிப்படி த் உரசொலியாக (ஸ், ஃப் போலக் காற்று உரசி வரும் ஒலியாக) மாறியிருக்க வேண்டும். ஆனால் ஸ்-ஐ ஒட்டிய த் அந்த விதிக்கு உட்படாது. மூன்று மொழிகளிலும் ஸ்த் அப்படியே இருப்பதற்கு இதுவே காரணம்.

கடைசி ஸ் எப்படி ஃஜ் ஆயிற்று? இதை விளக்கியவர் டேனிஷ் அறிஞர் கார்ல் வெர்னர், 1875இல். ஜெர்மானியம், லத்தீன், ஸ்லாவோனியம், சமஸ்கிருதம் எல்லாவற்றுக்கும் மூதாதையான தொல் இந்தோ-ஐரோப்பியத்தில் சொல்லழுத்தம் ஒலிப்பற்ற உரசொலிக்கு நேர் முந்திய அசையில் இல்லையென்றால் அந்த ஒலி ஒலிப்பு பெற்றுவிடும். நம் சொல்லில் அழுத்தம் முதல் அசையில். ஆகவே இறுதி ஸ், ஃஜ் ஆனது. ஒரு நூற்றாண்டின் பாதிக்கு மேல் 'விதிவிலக்குகள்' என்று ஒதுக்கப்பட்டவற்றை இந்த ஒற்றை வாக்கியம் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. ஒலி மாற்றத்துக்குக் கண்மூடித்தனம் இல்லை, காரணம் உண்டு என்ற நம்பிக்கையை இத்துறைக்குக் கொடுத்தது இதுதான் என்பேன்.

ஆக, மூல வடிவம் *கொஸ்திஸ் (முதல் ககரம் மூச்சொலி).

பொருளுக்கு வருவோம். லத்தீனில் பகைவர், ஸ்லாவோனியத்தில் விருந்தினர் என்று எதிரெதிராக நிற்பதைப் பார்த்து இரண்டும் வேறு சொற்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பழைய ரோமில் ஹொஸ்திஸ் என்றால் அயலார் என்றுதான் பொருள், இப்போது நாம் வேறு சொல்லால் சுட்டுவோரைத்தான் முன்னோர் அப்படி அழைத்தனர் என்று ரோம எழுத்தாளர் சிசரோவே எழுதியிருக்கிறார். கோதிக் விவிலியமும் 'அந்நியர்' என்ற இடத்தில் இதை வைத்ததைப் பார்த்தோம். ஆகவே தொடக்கப் பொருள் 'வெளியிலிருந்து வந்தவர்'. அவரை உபசரித்த சமூகத்தில் ஒரு கிளைப்பொருள், அவரோடு போரிட்டதில் மறு கிளைப்பொருள்.

இதற்கும் பின்னால் வேர் என்ன? 'உண்' என்ற பொருளுடைய சமஸ்கிருத கஸ் என்ற வினையடியோடு (இங்கும் மூச்சொலிக் ககரம்) இணைப்போர் உண்டு. ஈடு செய்தல், பதிலுக்குக் கொடுத்தல் என்ற கருத்திலிருந்து பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த் விளக்கினார். எதுவும் நிறுவப்படவில்லை. இந்தச் சொல் ஐரோப்பாவின் சில கிளைகளில் மட்டுமே காணப்படுவதால் வேரை உறுதிசெய்யப் போதிய கைப்பிடி இல்லை. சமஸ்கிருத 'அதிதி' பொருளால் மட்டுமே நெருங்கியது, பிறப்பால் உறவில்லை. உங்கள் குறிப்பேட்டில் *கொஸ்திஸ் வரை மையால் எழுதுங்கள், அதற்கு அப்பால் பென்சிலால் எழுதுங்கள்.

படி 3: சொல்லைப் பிரித்தல்

*கஸ்த் + இ + ஃஜ். முதலாவது வேர்ப்பகுதி, இரண்டாவது அடியை உருவாக்கும் இகரம், மூன்றாவது எழுவாய் ஒருமை ஈறு. நடுவில் உள்ள இகரத்தால் இவ்வகைப் பெயர்கள் 'இகர அடிப் பெயர்கள்' எனப்படுகின்றன. அகர அடி (*தகஃஜ், 'நாள்'), உகர அடி (*ஸுனுஃஜ், 'மகன்') ஆகியவை பக்கத்து வகுப்புகள். இம்மூன்றையும் குழப்பாமல் பிரிப்பது மிக முக்கியம். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

தமிழ் படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'விருந்தினர்களை' என்பதில் பன்மைக்குக் 'கள்', இரண்டாம் வேற்றுமைக்கு 'ஐ' என்று தனித்தனி உருபுகள் உண்டு, கழற்றி மாட்டலாம். தொல் ஜெர்மானியத்தில் எண்ணும் வேற்றுமையும் ஒரே ஈற்றில் கரைந்திருக்கும். பன்மை உருபு எது என்று தேடினால் கிடைக்காது.

நம் இலக்கணத்தின் எட்டு வேற்றுமைகளில் இங்கே ஆறு உண்டு: முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஆறாவது, விளி. ஐந்தாவதும் ஏழாவதும் தனி வடிவங்களாக எஞ்சவில்லை.

படி 4: ஒருமை

எழுவாய்: *கஸ்திஃஜ். கொம்பும் பெர்கா கல்லும் நேர்ச் சாட்சிகள்.

இரண்டாவது: *கஸ்தி~. மூல ஈறு -இம்; இறுதி மகரம் நகரமாகி, பின் உயிரில் கரைந்து மூக்கொலியாக மட்டும் எஞ்சியது. இந்தச் சொல்லிலேயே இதற்கு நேர்ச் சாட்சி இல்லை. ஆனால் அதே கொம்பில் உள்ள 'ஹொர்ன' அகர அடியின் இரண்டாம் வேற்றுமை. அங்கே இறுதி அகரம் எழுத்தில் நிற்கிறது. அகர அடியில் நடந்ததே இகர அடியிலும் நடந்திருக்கும் என்ற அடிப்படையில் இந்த வடிவம் வருகிறது. நல்ல ஊகம், ஆனால் ஊகம்.

ஆறாவது: *கஸ்தீஃஜ். இங்கேதான் நிதானம் வேண்டும். கோதிக்கைத் திறந்தால் 'கஸ்திஸ்' என்று இருக்கும், நான்காவதற்கு 'கஸ்த'. இவற்றைத் தொல் ஜெர்மானியத்துக்கு ஏற்றிவிடாதீர்கள். கோதிக்கில் குறில் ஈறுகள் உதிர்ந்ததும் *தகஃஜ் என்பது தக்ஸ் ஆனது, *கஸ்திஃஜ் என்பது கஸ்த்ஸ் ஆனது. இரண்டாம் வேற்றுமையில் தக், கஸ்த். இரு வகுப்புகளும் மிக அதிகமாகப் புழங்கும் இரு வடிவங்களில் ஒரே மாதிரி ஆகிவிட்டன. பேசுவோர் மற்ற ஒருமை வடிவங்களையும் பெரிய வகுப்பான அகர அடியின் அச்சில் வார்த்துவிட்டனர்: தகிஸ், தக என்பதைப் பார்த்து கஸ்திஸ், கஸ்த. பழைய உயர் ஜெர்மனிலும் கஸ்தெஸ், கஸ்தெ என்று இதே கதைதான். ஆண்பால் ஒருமையில் மகள் மொழிகள் கூட்டாக நம்மைத் தவறான பக்கம் இழுக்கின்றன.

தப்பிக்க வழி பெண்பால் இகர அடிகள். அவற்றுக்கு ஒத்துப்போக அகர அடியில் பெண்பால் சொற்கள் இல்லாததால் பழைய ஈறுகள் பிழைத்தன. 'அருள், தயவு' என்ற பொருளுடைய *அன்ஸ்திஃஜ் என்பதைப் பாருங்கள். பழைய உயர் ஜெர்மனில் ஆறாம் வேற்றுமை என்ஸ்தி, கோதிக்கில் அன்ஸ்தைஸ். முதலாவது மூல ஈறு *-ஈஃஜ் என்கிறது, இரண்டாவது *-ஐஃஜ் என்கிறது. பழைய கையேடுகள் பல கோதிக்கின் பக்கம் நின்று *-ஐஃஜ் என்று எழுதின. நான் *-ஈஃஜ் பக்கம் நிற்கிறேன். தொல் இந்தோ-ஐரோப்பியத்தின் இகர அடி ஆறாம் வேற்றுமை ஈறு -எய்ஸ் என்பதற்குச் சான்று வலுவானது. எய் ஜெர்மானியத்தில் ஒழுங்காக ஈ ஆகும். கோதிக் -ஐஸ் ஈற்றை உகர அடியின் ஸுனௌஸ் போன்ற வடிவங்களுக்கு இணையாக வார்த்தது என்று விளக்கலாம். ஆனால் எதிர்ப்பக்கத்தைப் பிழை என்று தள்ள முடியாது, ஆகவே அட்டவணையில் இரண்டையும் குறித்து வையுங்கள்.

நான்காவது: *கஸ்தீ. வடிவம் என்ஸ்தி போன்ற பெண்பால் சொற்களிலிருந்து கிடைக்கிறது. வரலாற்றில் இது பழைய ஏழாம் வேற்றுமையின், அதாவது இடப்பொருளின் ஈறு என்று கருதப்படுகிறது. ஏழாவது மறைந்தது என்று முன்பு சொன்னது பெயரளவில்தான்.

மூன்றாவதற்கும் *கஸ்தீ என்றே அட்டவணைகள் தரும். இதுவே ஒருமையின் மிகப் பலவீனமான கட்டம். பழைய உயர் ஜெர்மனில் கிடைக்கும் கெஸ்தியு மற்ற வகுப்பின் ஈற்றை ஏற்றது, சாட்சியாக உதவாது.

விளி: *கஸ்தி, ஈறற்ற அடி. இங்கே ஓர் ஆசை எழும். ஸ்லோவேனியாவின் நேகாவ் பகுதியில் 1811இல் கிடைத்த வெண்கலத் தலைக்கவசங்களில் ஒன்றில் வட எத்ருஸ்க எழுத்தில் 'ஹரிகஸ்தி தெய்வ' என்று பொறித்திருக்கிறது. ஃஜ் இல்லாத கஸ்தி! விளி வடிவத்துக்குச் சாட்சி கிடைத்தது என்று துள்ளத் தோன்றும். செய்யாதீர்கள். அந்த வாசகத்தின் இலக்கணமே இன்னும் தீரவில்லை. பொறித்தவர் வேற்றுமொழி எழுத்தில் ஈற்றை விட்டிருக்கலாம். ஒரு ஜெர்மானியப் பெயர் மிகப் பழங்காலத்திலேயே எழுத்தில் ஏறியது என்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

படி 5: பன்மை

பன்மையில் தரை உறுதியானது, ஏனென்றால் அகர அடியோடு கலக்க இங்கே வாய்ப்புக் குறைவு.

எழுவாய் *கஸ்தீஃஜ்: மூல -எயெஸ் இடையில் *-இயிஃஜ் ஆகி, சுருங்கி -ஈஃஜ் ஆனது. கோதிக் கஸ்தீஸ், பழைய உயர் ஜெர்மன் கெஸ்தி, நார்ஸ் கெஸ்திர் மூன்றும் ஒத்துப்போகின்றன. விளிப் பன்மையும் இதுவே. ஒருமையின் ஆறாவதும் இதே வடிவம்தான் என்பதைக் கவனியுங்கள். வேறு வேறு மூலங்களிலிருந்து வந்து ஓரிடத்தில் சேர்ந்தவை.

இரண்டாவது *கஸ்தின்ஃஜ்: கோதிக் கஸ்தின்ஸ் ஏறத்தாழ அப்படியே காட்டுகிறது.

ஆறாவது *கஸ்தியோஒ~: இங்கேதான் அளபெடை. இரண்டு உயிர்கள் சேர்ந்து சுருங்கியதால் மூன்று மாத்திரை. மூல மகரம் மூக்கொலியாக நிற்கிறது. பழைய உயர் ஜெர்மன் கெஸ்தியோ, கெஸ்தெஓ இதற்குச் சாட்சி. கோதிக் மட்டும் கஸ்தே என்று ஏகாரத்தில் முடிக்கிறது. கோதிக்கின் இந்த ஏகாரம் வேறு பல வகுப்புகளிலும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் முன்வைக்கப்பட்டும் எதுவும் எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை. ஒற்றை மொழியின் விசித்திரத்துக்காக மற்ற எல்லா மொழிகளின் ஓகாரத்தையும் கைவிட முடியாது.

நான்காவது *கஸ்திமஃஜ். கோதிக் கஸ்திம், பழைய உயர் ஜெர்மன் கெஸ்திம் இரண்டும் மகரத்தோடு நின்றுவிடுகின்றன. அப்படியானால் இறுதி ஃஜ் எங்கிருந்து வந்தது? மூன்று திசைகளிலிருந்து.

ஒன்று, ரைன் நதிக்கரையில் ரோமானியர் காலத்தில் அன்னைத் தெய்வங்களுக்கு எழுப்பிய பலிபீடங்கள். லத்தீன் வாசகத்தின் நடுவே தெய்வங்களின் பெயர்கள் 'அஃப்லிம்ஸ்', 'வத்விம்ஸ்' என்று ஜெர்மானிய நான்காம் வேற்றுமையில் இருக்கின்றன. ஸ் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு, நார்ஸ் மொழியில் 'மூவருக்கு' என்ற எண்ணுப்பெயர் -ம்ர் என்று முடிகிறது. அந்த ர் பழைய ஃஜ். மூன்று, தென் ஸ்வீடனின் பிளேக்கிங்கே மாநிலத்து ஸ்டென்டோஃப்டன் ரூன் கல், ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு. அதில் -உம்ர் என்று முடியும் இரு சொற்கள் உள்ளன. இரண்டாவதை நெடுங்காலம் 'புதிய விருந்தினருக்கு' என்று படித்தார்கள். அப்படியானால் நம் சொல்லின் நான்காம் வேற்றுமைப் பன்மையே கல்லில் கிடைத்ததாகிவிடும். 1989இல் ஆய்வாளர் லில்லெமோர் சாண்டெஸன் அதை 'ஒன்பது ஆட்டுக்கடா, ஒன்பது குதிரை' கொண்டு செய்த பலி என்று பிரித்துப் படித்தார். இப்போது பலரும் ஏற்பது அதையே. எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. நம் சொல் கைநழுவினாலும் ஈறு நழுவவில்லை: எப்படிப் படித்தாலும் நான்காம் வேற்றுமைப் பன்மையின் இறுதியில் அந்த மெய் இருக்கிறது.

மூன்றாவது *கஸ்திமிஃஜ். மகள் மொழிகளில் நான்காவதும் மூன்றாவதும் ஒன்றாகிவிட்டன. -மஃஜ், -மிஃஜ் என்ற வேறுபாட்டைப் பழைய ஆங்கிலச் சுட்டுப்பெயர்களில் காணும் உயிர்த்திரிபு போன்ற தடயங்களை வைத்துத்தான் ஊகிக்கிறோம். இந்த மகரம் பற்றி ஒன்று: சமஸ்கிருதத்தில் -ப்யஸ், -பிஸ், லத்தீனில் -புஸ் என்று பகரம் வரும் இடத்தில் ஜெர்மானியமும் பால்டிக், ஸ்லாவிக் மொழிகளும் மகரத்தைக் காட்டுகின்றன.

முழு அட்டவணை:

எழுவாய்: *கஸ்திஃஜ் / *கஸ்தீஃஜ்
இரண்டாவது: *கஸ்தி~ / *கஸ்தின்ஃஜ்
மூன்றாவது: *கஸ்தீ / *கஸ்திமிஃஜ்
நான்காவது: *கஸ்தீ / *கஸ்திமஃஜ்
ஆறாவது: *கஸ்தீஃஜ் (அல்லது *கஸ்தைஃஜ்) / *கஸ்தியோஒ~
விளி: *கஸ்தி / *கஸ்தீஃஜ்

படி 6: முன்னோக்கி ஓட்டிப் பார்த்தல்

மீட்டுருவாக்கிய வடிவத்திலிருந்து மகள் மொழிகளின் வடிவங்கள் ஒழுங்காகப் பிறக்கின்றனவா என்று சோதியுங்கள்.

ஜெர்மனில் கஸ்ட், பன்மை கெஸ்டெ. அகரம் ஏன் எகரமானது? பின்வரும் அசையின் இகரம் முன்னசை உயிரைத் தன் பக்கம் இழுத்தது. பன்மையின் நெடில் ஈகாரம் நீண்டகாலம் நின்றதால் இழுத்தது. ஒருமையின் குறில் இகரம், இரு மெய்களால் அடைத்த கனமான அசைக்குப் பின் வந்ததால், அந்த மாற்றம் பற்றிக்கொள்ளும் முன்பே உதிர்ந்துவிட்டது. ஜெர்மன் பாடப்புத்தகம் பன்மையில் உயிர் மாறும் என்று சொல்லிவிட்டுப் போகிறது. காரணம் *கஸ்திஃஜ், *கஸ்தீஃஜ் என்ற இரண்டு இகரங்களின் அளவில் இருக்கிறது. நார்ஸில் கனமான அசைக்குப் பின் இகரம் உதிரும்போதே உயிரை மாற்றிவிட்டது. அதனால் ஒருமையும் கெஸ்த்ர்.

ஆங்கிலம் ஒரு சிக்கல் தரும். பழைய ஆங்கிலத்தில் இ, எ போன்ற முன்னுயிருக்கு முன் வந்த ககரம் யகரமானது. சொந்த வழியில் வந்திருந்தால் இன்றைய சொல் யகரத்தில் தொடங்கியிருக்க வேண்டும். கெஸ்ட் என்று ககரத்தோடு இருப்பதற்கு, இங்கிலாந்தில் குடியேறிய நார்ஸ் மொழியினரின் கெஸ்த்ர் காரணம் என்று விளக்குகிறார்கள். ஸ்வீடிஷ் யெஸ்ட் பிற்காலத்தில் தானாகவே யகரத்துக்குப் போனது. இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.

பயிற்சி

'நண்பர்' என்ற பொருளுடைய *வினிஃஜ் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத்தில் வினெ, பழைய உயர் ஜெர்மனில் வினி, நார்ஸில் வின்ர். எட்வின், பால்ட்வின் என்ற பெயர்களின் பின்பகுதி இதுவே. மேலே உள்ள அட்டவணையின் ஈறுகளைப் பொருத்துங்கள்: இரண்டாவது *வினி~, பன்மை *வினீஃஜ், *வினின்ஃஜ், *வினியோஒ~, *வினிமஃஜ்.

இப்போது கேள்வி: பழைய உயர் ஜெர்மனில் கஸ்த் இகரத்தை இழந்தபோது வினி ஏன் இழக்கவில்லை? முதல் அசையை எடையிடுங்கள். கஸ்த்- என்பதில் உயிருக்குப் பின் இரண்டு மெய்கள், கனமான அசை. வின்- என்பதில் குறிலும் ஒரு மெய்யும், இலேசான அசை. இலேசான அசைக்குப் பின் இகரம் தங்கும்.

அது கைவந்ததும் *அன்ஸ்திஃஜ் என்ற பெண்பால் சொல்லுக்குப் போங்கள். ஈறுகள் அதேதான். ஆனால் கோதிக் ஒருமையில் இம்முறை அகர அடியின் தலையீடு இல்லை. எழுவாய் அன்ஸ்த்ஸ், இரண்டாவது அன்ஸ்த், நான்காவது அன்ஸ்தை, ஆறாவது அன்ஸ்தைஸ். அவற்றைப் பழைய உயர் ஜெர்மனின் அன்ஸ்த், என்ஸ்தி வடிவங்களுக்கு எதிரே எழுதி, ஆறாம் வேற்றுமையில் *-ஈஃஜ், *-ஐஃஜ் இரண்டில் எதை ஏற்பீர்கள் என்று உங்கள் காரணங்களோடு ஒரு பத்தி எழுதிப் பாருங்கள்.